மெழுகு உருகும் இடத்தில் யாரை உட்கார வைப்பது?

வாசகர் கேள்வி – பதில்

எங்கள் பங்கில் (கத்தோலிக்கக் கோயில் சமூகத்தில்) மாற்றுத்திறனாளர்களுக்கு வேலை தர மெழுகுதிரிக் கூடம் தொடங்கப் பங்குப்பேரவை முடிவு செய்துவிட்டது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் நாலு பேர், மனச்சிதைவுக்கு மருந்து எடுப்பவர்கள் இரண்டு பேர், வலிப்பு உள்ளவர் ஒருவர், இருமுனைக் கோளாறு உள்ளவர் ஒருவர் வருகிறார்கள். அச்சும் ஐம்பது கிலோ மெழுகும் வாங்கியாயிற்று. அடுத்து என்ன செய்வது?
– பேரவை உறுப்பினர், திண்டுக்கல்

மெழுகு மூட்டையை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். ஒரு தாளில் வேலையைத் துண்டு துண்டாக எழுதுங்கள்: திரிநூல் வெட்டுவது, அச்சில் கோத்து இழுத்துக் கட்டுவது, மெழுகு உருக்குவது, ஊற்றுவது, ஆறியதும் பிரிப்பது, அடி சீவுவது, எண்ணுவது, பெட்டி கட்டுவது. பிறகு ஒவ்வொருவரின் மருந்துச் சீட்டையும் அவர் சம்மதத்தோடு வாங்கிப் பாருங்கள். யார் எங்கே உட்காரலாம் என்பதற்குப் பாதி விடை அதில் இருக்கும்.

வலிப்பு உள்ளவரை அடுப்பருகிலும் கத்தியருகிலும் விடவே கூடாது. ஆறு மாதமாக வலிப்பு வரவில்லை என்பதும் இதற்குச் சமாதானம் ஆகாது. முதுகு சாயும் நாற்காலி போட்டுப் பெட்டி கட்டும் வேலையைக் கொடுங்கள், முக்காலி வேண்டாம். இருமுனைக் கோளாறு உள்ளவர் லித்தியம் என்ற மருந்தை எடுக்கிறாரா என்று கேளுங்கள். எடுத்தால் உருக்கும் அறைச் சூடு அவருக்கு ஆகாது. வியர்வையில் நீரும் உப்பும் போகப் போக, சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், இரத்தத்தில் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் கூடுவது, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தலைவலிக்குக் கடையில் வாங்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் இதே ஆபத்தைக் கொண்டுவரும். கூடத்து முதலுதவிப் பெட்டியில் அவற்றை வைக்காதீர்கள்.

மனச்சிதைவு மருந்துகள் பலவற்றால் காலையில் மயக்கமும் விரல் நடுக்கமும் இருக்கும். ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் முதல் வாரத்திலேயே இருவரும் நின்றுவிடுவார்கள், ஊர் அதைச் சோம்பல் என்று பேசும். பத்தரைக்குத் தொடங்கி முதல் மாதம் இரண்டு மணி நேரம் மட்டும் வையுங்கள். அதன்பின் வாரம் அரை மணியாகக் கூட்டலாம். “இன்றைக்கு வேலை இருக்கிறது, மாத்திரையை விட்டுவிடு” என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இரவு மாத்திரையைக் கொஞ்சம் முன்னதாகப் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்பதே சரி.

எண்ணத் தெரியாதவருக்கு எண்ணச் சொல்லித்தர மாதங்களைச் செலவழிக்க வேண்டாம். ஒரு பலகையில் பன்னிரண்டு பள்ளம் வெட்டுங்கள். பள்ளம் எல்லாம் நிரம்பினால் ஒரு டஜன், பலகையைப் பக்கத்து மேசைக்குத் தள்ள வேண்டியதுதான். வெற்றுப் பள்ளம் தெரிகிறதா என்று அவரே குனிந்து பார்த்துக்கொள்வார். யாரும் பின்னால் நின்று மேற்பார்க்கத் தேவையில்லை.

மெழுகைப் பொறுத்தவரை, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிய பாத்திரத்தில்தான் உருக்க வேண்டும், நேரடித் தீயில் அல்ல. எழுபது டிகிரியை ஒட்டி ஊற்றுங்கள். நூறு பங்கு மெழுகுக்குப் பத்துப் பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் நம் வெயிலில் மெழுகுதிரி வளைவது குறையும், அச்சிலிருந்தும் எளிதில் கழன்று வரும். நூல் தளர்ந்திருந்தால் அது ஒரு பக்கம் சாய்ந்து மெழுகு ஒருபுறமாக வழியும். அவசரப்பட்டு ஐஸ் தண்ணீரில் வைத்தால் விரிசல் விடும். மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடி போட்டு அடக்குங்கள். அந்த மூடி எப்போதும் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கல்லறைத் திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பாஸ்காவுக்கும் (ஈஸ்டருக்கும்) ஆர்டர் குவியும், மற்ற மாதங்களில் கூடம் காயும். மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் பாடுபட்டு வந்த அன்றாட ஒழுங்கு உடைந்துபோகும். அதனால் காணிக்கை உறை ஒட்டுவது, மறைமாவட்டப் பள்ளிகளுக்குக் குறிப்பேடு தைப்பது என்று இரண்டாவது வேலை ஒன்றை முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் கூடத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளர்களுக்குச் சாப்பாடும் ஐம்பது ரூபாயும் கொடுக்கிறோம். “சேவை நிறுவனம்தானே, இது போதும்” என்கிறார் பொருளாளர். சரியா?
– ஒரு சபைப் பணியாளர், நாசரேத்

சரியில்லை. விற்கிற பொருளைச் செய்பவர் தொழிலாளி. பயிற்சிக் காலம் வைப்பதானால் அது முடியும் தேதியை எழுதி அவர் கையில் கொடுங்கள். தேதி போடாத பயிற்சி பத்து வருடம் ஓடும். அதற்குப் பிறகு உருப்படிக்குக் கூலி. கணக்குக்காக, பழகிய ஆள் ஒருவர் நாளைக்கு 600 மெழுகுதிரிக்கு அடி சீவுகிறார், அவர் நாள் கூலி 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திரிக்கு 80 காசு. 250 சீவியவருக்கு 200 ரூபாய். குறைந்தபட்ச ஊதிய விதி உங்கள் கூடத்துக்கு எப்படிப் பொருந்தும் என்பதைத் தொழிலாளர் துறை அலுவலரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பணம் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போகட்டும், அண்ணன் கையில் வேண்டாம்.

மனச்சிதைவு உள்ள என் மகனுக்கு மாற்றுத்திறன் சான்றிதழில் 40 சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட்டார்கள். வீட்டில் அவன் குளிக்கவே மாட்டான்.
– ஒரு தாய், கும்பகோணம்

அம்மா, மனநோய்க்கான அளவீட்டில் தன்னைப் பேணுதல், உறவு, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோயின் கால அளவுக்கும் மதிப்பெண் சேரும். மொத்தம் 20. அதில் 7 வந்தால்தான் 40 சதவீதம். நீங்கள் அவனைக் குளிப்பாட்டி, சட்டை மாற்றி அழைத்துப் போனதைத்தான் சான்றிதழ் தரும் மருத்துவக் குழு பார்த்திருக்கும். மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். எத்தனை முறை சொன்ன பிறகு குளிக்கிறான், கடைசியாக எப்போது தனியாகக் கடைக்குப் போனான், எந்த வேலையில் எத்தனை நாள் நின்றான் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி, பழைய மருத்துவச் சீட்டுகளோடு கொண்டுபோங்கள். 40 சதவீதம் கிடைத்தால் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு அவன் தகுதி பெறுவான்.

மாற்றுத்திறனாளர்களுக்கான நடுவண் அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு மனநோய்க்கும் உண்டா?
– ஒரு வாசகர், மதுரை

இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே. உங்கள் கூடத்தில் இருவகையினரும் இருந்தால் பதிவேட்டில் தனித்தனியாகக் குறித்துவையுங்கள்.

ஜெர்மனியின் பெத்தேல் நிலையத்தை மாதிரியாகக் கொள்ளலாமா?
– ஓர் ஆயர், தரங்கம்பாடி

ஒரு பாதியை எடுத்துக்கொள்ளலாம். 1867 இல் பீலஃபெல்ட் நகரில் வலிப்பு நோயாளிகளுக்காகத் தொடங்கிய இல்லம் அது. 1872 இல் பொறுப்பேற்ற போதகர் பிரெட்ரிக் ஃபொன் போடல்ஷ்விங் வேலையை அதன் மையத்தில் வைத்தார். 1888 முதல் அங்கே பழைய தபால்தலைகளைப் பிரித்து விற்கிறார்கள். உறையிலிருந்து வெட்டுவது, நாடுவாரியாகப் பிரிப்பது, பழுது பார்ப்பது என்று வேலை இயல்பாகவே துண்டுபட்டு ஒவ்வொரு கைக்கும் பொருந்துகிறது. அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜெர்மனியில் மாற்றுத்திறனாளர்களுக்கென்றே தனியாக நடத்தும் பாதுகாக்கப்பட்ட வேலைக்கூடங்களில் நுழைபவர்கள் வெளிவேலைக்கு மாறுவது அரிது. ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமைக் குழு 2015 இலும் 2023 இலும் இதைக் கண்டித்தது. அந்நாட்டுச் சட்டமே 2018 முதல் வெளியில் வேலை கொடுக்கும் முதலாளிக்கு ஊதியத்தில் 75 சதவீதம் வரை ஈடுகட்டுகிறது. நமக்கு அந்தப் பணம் இல்லை. ஆனால் சபைக்கு அச்சகம், பள்ளிச் சமையற்கூடம், மருத்துவமனைச் சலவையகம் எல்லாம் உண்டு. முதலில் அங்கே ஒரு நாற்காலி கேளுங்கள். முதல் இரண்டு வாரம் துணையாள் கூடவே நின்று, வேலை எங்கே தடுக்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். மூன்றாம் வாரம் காலையில் ஒரு மணி நேரம், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு தொலைபேசி. மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு விடுப்பு உண்டு என்பதைச் சேரும் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். அது இல்லாததால்தான் பலர் மருந்தையோ வேலையையோ ஒன்றை விட வேண்டி வருகிறது.