லைட் போட்டால் ஃபியூஸ் போகிறது

கேள்வி: அப்பா ஓட்டிய 1998 மாடல் மாருதி 800ஐ இப்போது நான் ஓட்டுகிறேன். ஒரு மாதமாக டெயில் லாம்ப் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. சில நாள் லைட் போட்டதுமே போய்விடும். சில நாள் நன்றாக எரிந்துகொண்டிருக்கும், வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அணைந்துவிடும். தெரிந்தவர் ஒருவர் 10 ஆம்பியருக்குப் பதிலாக 20 போடச் சொன்னார், அதுவும் எரிந்துவிட்டது. 30 போட்டுப் பார்க்கலாமா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: போடவே போடாதீர்கள், தம்பி. ஒயர் சூடேறுவதற்கு முன்னால் தான் உருகி அதைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் இருக்கிறது. 30 போட்டால் ஃபியூஸ் நிற்கும், டாஷ்போர்டுக்குள் ஒயர் பழுத்துவிடும். ஒட்டுமொத்த ஒயரும் உருகி ஒரே கட்டியாகிப் போன வண்டிகளைத் திருப்பாதிரிப்புலியூர் பட்டறையில் நானே பிரித்திருக்கிறேன். இன்றைக்கே பழையபடி சிவப்பு நிற 10 ஆம்பியரைப் போட்டுவிடுங்கள்.

வேகத்தடை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்தே தேடலாம். வண்டி குலுங்கும்போது எங்கோ தோல் உரிந்த ஒயர் தகரத்தைத் தொடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஃபியூஸாக வாங்கி எரிக்க வேண்டாம். இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் சிங்கிள் காண்டாக்ட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு வாங்கி, அதன் இரண்டு ஒயரையும் ஃபியூஸ் இருந்த இரண்டு பள்ளத்திலும் செருகுங்கள். எவ்வளவு பெரிய ஷார்ட்டாக இருந்தாலும் அந்தப் பல்பு வழியாக 2 ஆம்பியருக்குள்தான் போகும். ஒயர் சுடாது, நிதானமாகத் தேடலாம்.

அதற்கு முன் முன்பக்க பார்க் லைட், டெயில் லாம்ப், நம்பர் பிளேட் பல்புகளைக் கழற்றிவிடுங்கள். மீட்டருக்குப் பின்னால் இருக்கும் குட்டி பல்புகளைக் கழற்றச் சிரமமாக இருந்தால் விட்டுவிடலாம். அவற்றால் டெஸ்ட் பல்பு மினுங்கினால் உண்டு. ஷார்ட் என்றால் பளிச்சென்று எரியும். இனி லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு, வீட்டில் யாரையாவது வண்டியை ஆட்டச் சொல்லி, நீங்கள் ஒயரை ஒவ்வோர் இடமாக அசைத்துப் பாருங்கள். எங்கே கை வைத்தால் பல்பு எரிந்து அணைகிறதோ, கோளாறு அங்கேதான்.

பழைய வண்டியில் நான் முதலில் பார்ப்பது ஸ்டீரியோவை. பின்னாளில் அதை மாட்டியவர்கள் அதன் லைட் ஒயரை பார்க் லைட் லைனில் முறுக்கி வெறும் டேப் சுற்றியிருப்பார்கள். அப்புறம் தகரத்தில் ஓட்டை வழியாக ஒயர் நுழையும் இடங்கள்; அங்கே ரப்பர் புஷ் காய்ந்து உதிர்ந்திருக்கும். கடைசியாக டெயில் லாம்ப் ஹோல்டர். நம் கடற்கரைக் காற்றில் செம்பு சீக்கிரம் பச்சை பிடித்துவிடும்.

மல்டிமீட்டர் மட்டும் வைத்துத் தேடப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். கடலூர் முதுநகரில் ஒரு மீன் வியாபாரியின் அம்பாசிடர் இதே புகாரோடு வந்தது. பல்பைக் கழற்றாமலே மீட்டரை வைத்தேன். இழை குளிர்ந்திருக்கும்போது பல்பின் ரெசிஸ்டன்ஸ், எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதை ஷார்ட் என்று நம்பி, ஒரு குறையும் இல்லாத ஒயரை இரண்டு நாள் பிரித்துப் போட்டேன். மூன்றாம் நாள் டெஸ்ட் பல்பை மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. டிக்கியிலிருந்த மீன் பெட்டியைத் தூக்கினேன், அணைந்தது. பெட்டியிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீரில் ஊறிய ஒயர், விரிப்புக்கு அடியில் பெட்டியின் பாரத்தில் நசுங்கித் தோல் விட்டிருந்தது. அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் பின்னால் என்ன ஏற்றுவீர்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

இடம் தெரிந்ததும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கெட்ட பகுதியை வெட்டி, புது ஒயர் வைத்து ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வெறும் டேப் ஒரு கத்திரி வெயில்கூடத் தாங்காது, பசை இளகிவிடும். புது ரப்பர் புஷ்ஷும் போட்டுவிடுங்கள்.

அதுவரை இரவில் வண்டியை எடுக்காதீர்கள். நெல்லிக்குப்பம் ரோட்டில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டரைக் கடைசி நொடியில் பார்த்து பிரேக் அடித்தவன் நான். உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு அந்த நிலை வர வேண்டாம்.

கேள்வி: பிரேக் மிதித்தால் ஒரு பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. ஃபியூஸ் போகவில்லை. இதுவும் ஷார்ட்டா?
— வாசகர், நெய்வேலி

பதில்: பெரும்பாலும் எர்த் கோளாறாக இருக்கும். பாடிக்குத் திரும்ப வழி கிடைக்காத கரண்ட் பக்கத்துப் பல்பின் இழை வழியாகப் போகிறது. லாம்ப் ஹோல்டரின் உலோகத்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு நீள ஒயரைத் தொட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் அதேதான். எர்த் போல்ட்டைக் கழற்றி, தகரம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள்.