பொண்ணுக்கு பேரு வெக்கணுமா, கேளுங்க (ரிட்டையர் ஆன பதிவு கிளார்க் ஒருத்தியோட கேள்வி பதில்)

கடலூர் பக்கம் பிறப்பு இறப்பு பதிவுல 31 வருஷம் பேர் எழுதிட்டு ரிட்டையர் ஆனவ நான். பொண்ணு பேரு பழசா புதுசானு தெரியணுமா, கேளுங்க. ஜாதகம், நியூமராலஜி என்கிட்ட கேக்காதீங்க, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்.

நெல்லிக்குப்பம்: சங்கீதானு வெக்கணும்னு மாமியார் ஒத்தக் கால்ல நிக்கறாங்க. ரொம்ப பழசா இருக்காதா மேடம்?

பழசு இல்லம்மா, உன் வயசு. அதான் பிரச்சனை. ஒரு பேரைக் கேட்டதும் நம்ம மனசுல யாரோ ஒருத்தர் முகம் வருது இல்ல, அந்த முகத்தோட வயசுதான் அந்தப் பேரோட வயசு. உனக்கு சங்கீதான்னா கூடப் படிச்சவ ஞாபகம் வருவா, டியூஷன் அக்கா ஞாபகம் வருவா, அதனால கைக்குழந்தைக்கு அது ஒட்டல. சரோஜா, வசந்தாவெல்லாம் நான் வேலைக்கு சேந்தப்ப பாட்டியாகப் போறவங்க பேரு, அப்புறம் கலா, மாலா, லதா அம்மாவானாங்க, அப்புறம் கவிதா, சங்கீதா, அதுக்கப்புறம் திவ்யா, ரம்யா, பிரியானு ஒரே ரெஜிஸ்டர் பக்கத்துல நாலு நாலு. என் கணக்கு இதுதான்: அம்மா தலைமுறை பேருதான் இருக்கறதுலயே பழசா தெரியும், பாட்டி பேரு கொஞ்சம் பரவால்ல, கொள்ளுப்பாட்டி பேரு புதுசாவே ஆயிடும், ஏன்னா அந்த முகத்தைப் பாத்தவங்க யாரும் மிச்சம் இல்ல. மாமியார்கிட்ட அவங்க பாட்டி பேர் என்னனு கேட்டுப் பாரு, சண்டையும் தீரும்.

நெய்வேலி: ஆயில்ய நட்சத்திரம். டி, டு, டெ, டோ எழுத்துல மாடர்ன் பேர் சொல்லுங்க.

மேலயே வேணாம்னு சொன்னேனே தம்பி. தமிழ்ல ட-வுல சொல்லே ஆரம்பிக்காதுன்னு தொல்காப்பியத்துலயே இருக்கு, எங்க போய்த் தேடுவ. காதுல ஓத ஒரு பேரு, பதிவுக்கு ஒரு பேருனு வெச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கறவங்க ஆயிரம் பேர் இருக்காங்க.

பண்ருட்டி: திலகவதி?

திருவாமூர்ல பொறந்த அப்பரோட அக்கா பேரு, உங்க ஊர்ப் பேரு, தாராளமா வெய்ங்க. ஆனா ஸ்கூல்ல திலகானு சுருக்கிருவாங்க, அப்ப மட்டும் 1960 வாசம் அடிக்கும்.

விருத்தாசலம்: வேண்டுதல் இருக்கு, பெரியநாயகினு வெச்சே ஆகணும். பொண்ணு பெருசானா எங்களைத் திட்டுவாளா அம்மா?

உங்க ஊர்லயே இதுக்கு கதை இருக்கே! குரு நமசிவாயர் சிதம்பரம் போற வழியில விருத்தாசலத்துல ராத்தங்கினாரு, பசி, அம்மன்கிட்ட சோறு கேட்டுப் பாடுனாரு. பெரியநாயகி, விருத்தாம்பிகைங்கற பேரை வெச்சுக்கிட்டு பாட்டுல கிழத்தி கிழத்தினு அடுக்கிட்டாரு. அம்மன் ஒரு கிழவியா வந்து, என்னை கிழவின்னியே, கிழவி எப்படிப்பா சோறு தூக்கிட்டு வருவானு கேட்டாளாம். அப்புறம் இளமையா மாத்திப் பாடுனதும் சின்னப்பொண்ணா சோறோட வந்தாளாம், அதான் பாலாம்பிகை. ஆக பேரு கிழடு தட்டுதேனு சாமியே கோச்சுக்கிட்ட ஊரு உங்களுது. பாலானு வெய்ங்க, வேண்டுதலும் அதே அம்மனுக்குத்தான் போய்ச் சேரும். இல்ல பெரியநாயகியேதான்னா நாயகினு கூப்புடுங்க, கேக்க கம்பீரமா இருக்கு.

பாரிஸ், சொந்த ஊர் பாண்டி முத்தியால்பேட்டை: யாழினி, ஹரிணி ரெண்டுல எது? இங்க இருக்கறவங்க வாயிலயும் நுழையணும்.

இது பிடிச்ச கேள்வி. பிரெஞ்சுக்காரங்க ஹ சொல்ல மாட்டாங்க, ஹரிணி அரினி ஆயிடுவா. யாழினியில ழ-வுக்கு இசட் ஹெச் போட்டா அவங்க படிக்கறப்ப யாஸினி. ரெண்டுமே உங்க பொண்ணு பேரு இல்ல. நிலா, மீரா, லீலா மாதிரி போங்க, ரெண்டு ஊர்லயும் ஒரே சத்தம்.

ஸ்பெல்லிங்கையும் இப்பவே முடிவு பண்ணுங்க. பாண்டி பழைய பத்திரங்கள்ல உகரத்துக்கு ஓ யு ரெண்டும் சேத்துப் போட்டிருப்பாங்க, நம்ம பக்கம் யு மட்டும். பாண்டியில பொண்ணு எடுத்த குடும்பம் எத்தனை பேர், ரெண்டு ஸ்பெல்லிங்கும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க முடியாம என் டேபிள் முன்னாடி நின்னிருக்காங்க. இன்னொண்ணு, பாண்டியில 1881 உத்தரவுல பிரெஞ்சு சட்டத்துக்கு மாறினவங்க நிரந்தரமா ஒரு குடும்பப் பேரு எடுத்துக்கிட்டாங்க, செருப்புப் போட்டு கோர்ட்டுக்கு வந்ததுக்கே கேஸ் ஆன வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை லப்போர்த்னு ஆனதெல்லாம் அப்படித்தான். நம்ம பக்கம் வெறும் இனிஷியல். உங்க குடும்பம் எந்தப் பக்கம்னு பாத்துட்டு, குடும்பப் பேரோட சேத்து சத்தமா பத்து தடவை சொல்லிப் பாத்து வெய்ங்க.

வில்லியனூர்: கோகிலா?

கோகிலாம்பிகை உங்க ஊரு அம்மன். பழசுதான். எனக்குப் பிடிக்கும்.

லாஸ்பேட்டை: தன்ஷிகா பழசாயிடுச்சா?

இன்னும் ஆகல. ஆனா ஷிகா, ஷிதா, ஷ்கானு முடியறதெல்லாம் ஒரே பேட்ச், ஆகறப்ப எல்லாம் சேந்து ஆகும்.

தேவனாம்பட்டினம்: கொள்ளுப்பாட்டி பேரு அஞ்சலை. அதையே வெக்க ஆசை, நாத்தனாருங்க சிரிக்கறாங்க அம்மா.

வெய்ம்மா. கண்ண மூடிட்டு வெய்.

மஞ்சக்குப்பம்: மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, அஞ்சலைன்னா வீட்டு வேலைக்கு வர்றவங்க பேரு மாதிரி இருக்கு. குழந்தை பாவம் இல்லையா?

தப்பாத்தான் எடுத்துக்கறேன். வீட்டு வேலைக்கு வர்றவங்க பேருன்னா என்ன சார் குறைச்சல்? கடலூர்ல உக்காந்துகிட்டு இதைச் சொல்றீங்க. முதுநகர்ல 1890-ல பொறந்த அஞ்சலை அம்மாள், 1927-ல வெள்ளைக்காரத் தளபதி நீல் சிலையை எடுக்கணும்னு நடந்த போராட்டத்துக்கு ஒன்பது வயசுப் பொண்ணு அம்மாக்கண்ணுவையும் கூட்டிட்டுப் போய் ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போனாங்க. கர்ப்பமா இருந்தப்பவும் ஜெயில், அந்தப் பையனுக்கு வெச்ச பேரே ஜெயில்வீரன்.

மஞ்சக்குப்பம்: அந்த அம்மா மேல மரியாதை இருக்கு. ஆனா காந்தியே அம்மாக்கண்ணு பேரை லீலாவதினு மாத்தினாரே? அப்போ பழைய பேரு பிரச்சனைனு அவருக்கும் தோணியிருக்கு.

நல்ல பாயிண்ட், ஒத்துக்கறேன். ஆனா இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. லீலாவதின்னா எனக்கு பென்ஷன் வாங்கற டீச்சர் ஞாபகம் வருது, அம்மாக்கண்ணுன்னா கன்னத்தைக் கிள்ளணும் போல இருக்கு. புதுசுனு மாத்தின பேருதான் சீக்கிரம் பழசாச்சு.

பண்ருட்டி: நடுவுல வர்றேன். மஞ்சக்குப்பத்தாரே, உங்க பொண்ணு பேரு என்ன?

மஞ்சக்குப்பம்: ரம்யா. ஏன்?

அவர் சொல்லட்டும்னுதான் நானும் காத்திருந்தேன். சார், ஒரு ரெஜிஸ்டர் முழுக்க ரம்யா எழுதி என் கை வலிச்சிருக்கு.

தேவனாம்பட்டினம்: அம்மா, அஞ்சலைனா அஞ்சாதவள்னு அர்த்தமாமே, அதைச் சொல்லி நாத்தனாரை சமாளிக்கலாமா?

அர்த்தம் ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. கொள்ளுப்பாட்டி பேருனு மட்டும் சொல்லு, அதுக்கு மேல ஒருத்தரும் பேச முடியாது.

திருப்பாதிரிப்புலியூர்: திவ்யா பழசா?

முதல் பதிலைப் படிங்க.

சிதம்பரம்: சிவகாமி பழசா?

முதல் பதில்.

குறிஞ்சிப்பாடி: கவிதா...

முதல் பதில்!

பரங்கிப்பேட்டை: பொண்ணுக்கு ஒரு வயசு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. இன்னும் பேரே முடிவாகல, சர்டிபிகேட்ல பேர் இல்லாமலே இருக்கு.

இதைத்தான் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும், அஞ்சலை விஷயத்துல மறந்துட்டேன். பிறப்பை 21 நாளைக்குள்ள பதியணும், ஆஸ்பத்திரியில பொறந்தா அவங்களே அனுப்பிடுவாங்க. பேரு அப்ப இல்லேன்னா பரவால்ல, பதிஞ்ச தேதியிலேருந்து 12 மாசத்துக்குள்ள காசு இல்லாம சேக்கலாம். அதைத் தாண்டினா தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேக்கலாம். உங்களுக்கு இப்ப கட்டணம்தான். ஆனா இன்னும் தள்ளாதீங்க, 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்களுக்கு ஸ்கூல்லேருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பொறந்த தேதிக்கு இந்த ஒத்தைப் பேப்பர்தான் ஆதாரம். பேரு முடிவாகலேன்னு ஒன்பதாவது வரைக்கும் இழுத்துட்டு பரீட்சைக்கு முந்தின வாரம் அழுதுகிட்டு வந்தவங்களை நான் பாத்திருக்கேன்.

நெய்வேலி: மேடம், சரி, ட வேணாம். திவ்யாவுக்கு நியூமராலஜிப்படி ஒய் ரெண்டு போடலாமா?

தம்பி, நீ இன்னும் போகலயா.

தேவனாம்பட்டினம்: அம்மா, வீட்டுக்காரர் ஓகே சொல்லிட்டாரு. நாத்தனார் பேசல, பரவால்ல. இங்கிலீஷ்ல எப்படி எழுதட்டும்?

ஏ, என், ஜே, ஏ, எல், ஏ, ஐ. ஏழு எழுத்து. ஆஸ்பத்திரி ஃபாரம், ஆதார், ரேஷன் கார்டு எல்லாத்துலயும் இதே ஏழு. எவனாவது ஹெச் சேத்தா அதிர்ஷ்டம்னு வந்தா வாசல்லயே நிறுத்திடு.