பிறை வடிவ லேஸ் சால்வை: மேல் ஓரம் ஏன் இழுக்கிறது?

ஒரு வாசகியின் கேள்வி: ஸ்கார்ஃப், தொப்பி எல்லாம் பின்னிப் பழகிவிட்டேன். இப்போது முதல் முறையாக ஒரு பிறை வடிவ லேஸ் சால்வையைக் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுகிறேன். 40 வரிசை முடிந்திருக்கிறது. மேல் ஓரம் இழுத்துக்கொண்டு, துணி கிண்ணம் மாதிரி குழிகிறது. பிளாக்கிங் செய்தால், அதாவது நனைத்து இழுத்து ஊசி குத்திக் காயவைத்தால், சரியாகிவிடுமா, பிரித்துத்தான் ஆக வேண்டுமா? 12 கண்ணி லேஸ் டிசைனில் கணக்கும் ஒன்றிரண்டு தப்பிக்கொண்டே இருக்கிறது. என்னிடம் இருப்பது 100 கிராம், 400 மீட்டர் கம்பளி நூல். போதுமா? பேசாமல் கீழிருந்து மேலே பின்னும் பேட்டர்னுக்கு மாறிவிடலாமா? ஓரம் அழகாக வரட்டும் என்று, வழக்கம்போல ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அப்படியே ஊசி மாற்றித்தான் வருகிறேன்.

பதில்: கடைசியாகப் போகிறபோக்கில் ஒன்று சொன்னீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. முதல் கண்ணியைப் பின்னாமல் நகர்த்துவது ஸ்கார்ஃபுக்கு நல்ல பழக்கம். ஓரம் சங்கிலி கோத்தது மாதிரி வரும். பிறை சால்வைக்கு அது ஆகாது.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் பின்னல் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணியின் அகலம் 5 மி.மீ., இரண்டு வரிசையின் உயரம் சுமார் 7 மி.மீ. ஸ்கார்ஃபில் ஓரம் நேராக மேலே போகிறது, அதனால் இரண்டு வரிசைக்கு 7 மி.மீ. நீண்டால் போதும். பிறை சால்வையிலோ இரண்டு வரிசைக்குள் ஒவ்வொரு பக்கமும் 3 கண்ணி கூடுகிறது, அதாவது 15 மி.மீ. அகலம். ஓரம் சரிவாகப் போவதால் அதே இரண்டு வரிசைக்கு 16 மி.மீ.க்கு மேல் நீண்டாக வேண்டும். ஸ்கார்ஃப் ஓரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். நீங்கள் நகர்த்திவிடும் அந்த ஒற்றைக் கண்ணியோ இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே ஒரு வளையம்தான். அது எங்கே நீளும்? ஓரம் நின்றுவிடுகிறது, உள்ளே கண்ணிகள் பெருகிக்கொண்டே போகின்றன, துணி குழிகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஊசியிலிருந்து இறங்கும்போது எந்தப் பிறை சால்வையும் பிறையாக இருப்பதில்லை. கழுத்தில் முனை வைத்த ஒரு மழுங்கின முக்கோணம் மாதிரிதான் இருக்கும். நனைத்து இழுக்கும்போது மேல் ஓரம் நீண்டு, இரண்டு கைகளும் விரிந்து, கீழ் ஓரம் வளைகிறது. ஓரம் இளகாவிட்டால் பிறை கிடையாது, நடுவில் எத்தனை அழகான லேஸ் போட்டாலும் சரி.

அதனால் பிளாக்கிங் இதைக் காப்பாற்றாது. பிரித்துவிடுங்கள். மனம் கஷ்டப்படும், தெரியும். ஆனால் 9 கண்ணியில் தொடங்கி இரண்டு வரிசைக்கு 6 கண்ணி கூட்டினால் 40-வது வரிசையில் 129 கண்ணி, 100-வது வரிசையில் 309 கண்ணி. மொத்தக் கண்ணிகளைக் கூட்டிப் பார்த்தால் நீங்கள் முடித்திருப்பது 100 வரிசை சால்வையில் ஆறில் ஒரு பங்குதான்.

இனி புதிய தொடக்கம். 3 கண்ணி ஏற்றி 6 வரிசை நிட் (நேர்ப் பின்னல்) மட்டுமே பின்னுங்கள். ஒரு குட்டிப் பட்டை கிடைக்கும். ஊசியைத் திருப்பாமல் துணியை மட்டும் கால்வட்டம் சுழற்றி, பட்டையின் பக்கவாட்டில் தெரியும் மூன்று மேடுகளிலிருந்து 3 கண்ணி எடுங்கள். அப்புறம் தொடங்கிய ஓரத்திலிருந்து 3. ஆக 9. நேரடியாக 9 கண்ணி ஏற்றித் தொடங்கினால் பிடரியில் ஒரு முடிச்சு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். இந்தப் பட்டை இருந்தால் ஓரம் ஒரே கோடாக ஓடும்.

முன்பக்க வரிசையில் 3 நிட், யார்ன் ஓவர் (ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிப் புதுக் கண்ணி உண்டாக்குவது), 1 நிட், யார்ன் ஓவர். பிறகு டிசைன். கடைசி 4 கண்ணி வந்ததும் யார்ன் ஓவர், 1 நிட், யார்ன் ஓவர், 3 நிட். பின்பக்க வரிசையில் 3 நிட், யார்ன் ஓவர், கடைசி மூன்று கண்ணி வரை பர்ல் (மறுபக்கப் பின்னல்), யார்ன் ஓவர், 3 நிட். இரண்டு வரிசையில் 9 கண்ணி 15 ஆகும், அடுத்த இரண்டில் 21. பின்பக்கத்தில் கூட்ட மறந்தால் வடிவமே மாறிவிடும். முன்பக்கத்திலும் பக்கத்துக்கு ஒன்று மட்டும் கூட்டினால் இரண்டு வரிசைக்கு 4 கண்ணிதான் கூடும். சால்வை குட்டையாக, ஆழமாக வரும். 6 கூட்டினால் நீளமாக, ஆழம் குறைவாக வரும், கழுத்தைச் சுற்றிக்கொள்ள வசதி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

முதல் கண்ணியைக் கட்டாயம் பின்னுங்கள், நூலைச் சுண்டி இழுக்காமல். கை இறுக்கம் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னியதும் ஒரு உபரி யார்ன் ஓவர் போட்டு, திரும்பி வரும்போது அதைப் பின்னாமல் நழுவ விடுங்கள். அந்த நூல் ஓரத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும், தேவைப்படும்போது நீளும். இது கண்ணிக் கணக்கில் சேராது. 20 வரிசை ஆனதும் ஓரத்தைக் கையால் இழுத்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன அளவுப் பின்னலில் 16 செ.மீ. வரை மல்லுக்கட்டாமல் வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 20 வரிசையைப் பிரிப்பது பெரிய விஷயமில்லை.

சரி, லேஸ் கணக்கு. லேஸில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குறைப்பு ஜோடி உண்டு. யார்ன் ஓவர் ஒன்றைக் கூட்டும், இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னுவது ஒன்றைக் குறைக்கும். இரண்டும் இருந்தால் கணக்கு நிற்கும். உங்கள் கணக்கு தப்புவது பெரும்பாலும் நடுவில் இருக்காது, ஓரத்தில்தான் இருக்கும். அங்கே புதிதாகக் கூடின 4, 5 கண்ணிகளில் அரை டிசைன்தான் இடம்பிடிக்கும். யார்ன் ஓவருக்கு இடம் இருக்கும், அதன் ஜோடி டிசைனுக்கு வெளியே போயிருக்கும். டிசைன் படத்தைப் பார்த்தபடி அந்த யார்ன் ஓவரை மட்டும் போட்டுவிட்டால் ஒரு கண்ணி கூடிவிடும். ஜோடி முழுதாகக் கிடைக்காத இடத்தில் இரண்டையும் விட்டுவிட்டு வெறும் நிட் பின்னுங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு வரிசைக்கு 3 கண்ணி கூடுவதால் 8 வரிசைக்கு ஒரு முறை சரியாக 12 கண்ணி சேரும். அப்போது பக்கத்துக்கு ஒரு முழு டிசைனைப் புதிதாகத் தொடங்கலாம். 12 கண்ணி டிசைன் இந்த வடிவத்தோடு ஒத்துப்போவது இதனால்தான். 10 கண்ணி டிசைன் என்றால் தலைவலி.

டிசைனுக்கு டிசைன் ஊசியில் மார்க்கர் (அடையாள வளையம்) மாட்டி, பின்பக்க வரிசையில் பர்ல் பின்னும்போதே இரண்டு மார்க்கருக்கு நடுவில் எண்ணிக்கொண்டு போங்கள். 11 இருந்தால் ஒரு யார்ன் ஓவர் விட்டுப்போயிருக்கிறது. பிரிக்க வேண்டாம். ஓட்டை வர வேண்டிய இடத்தில் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே படுத்திருக்கும் நூலை ஊசியால் தூக்கி, அதையே கண்ணியாக வைத்துப் பர்ல் பின்னுங்கள். கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும், நனைத்து இழுத்ததும் சரியாகிவிடும். ஒரு பக்கம் 11, அடுத்ததில் 13 என்றால் தப்பு எதுவும் நடக்கவில்லை. மார்க்கரை ஒட்டி இருக்கிற யார்ன் ஓவர் அதற்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.

8 வரிசைக்கு ஒரு முறை, பின்பக்க வரிசை முடிந்ததும், வேறு நிறத்தில் வழுவழுப்பான பருத்தி நூல் ஒன்றை மழுங்கல் ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டிவிடுங்கள். பின்னால் தப்பு நடந்தாலும் அந்த நூல் வரை பிரித்தால் போதும். மார்க்கருக்குள் மட்டும் நூலைக் கோத்துவிடாதீர்கள், மார்க்கர் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

நூல் போதும். 300 கண்ணியைத் தாண்டியும் தாராளமாகப் போகலாம். ஆனால் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். 100 வரிசை சால்வையில் பாதி நூல் தீருவது 70-வது வரிசையில். மிச்சப் பாதியைக் கடைசி 30 வரிசை தின்றுவிடும். 300 கண்ணி வரிசை ஒன்றுக்கு 4 மீட்டருக்கு மேல் நூல் போகும், உங்கள் நூலில் 1 கிராம் சொச்சம். சமையலறைத் தராசில் ஒரு வரிசையை அளந்தால் சரியாகக் காட்டாது. நான்கு வரிசைக்கு முன்னும் பின்னும் உண்டையை எடை பார்த்து நாலால் வகுத்துக்கொள்ளுங்கள். கண்ணிகளை மூடுவதற்கு நான்கு வரிசைக்கான நூலை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் செலவழியுங்கள். என் முதல் பிறை சால்வையில் இன்னும் ஒரு டிசைன் போடலாம் என்று ஆசைப்பட்டு, கடைசி 40 கண்ணி மூட நூல் இல்லாமல் நின்றேன். ராத்திரி 11 மணிக்கு, மூடின 260 கண்ணியையும் திரும்பப் பிரித்த அனுபவம் இன்னும் கையில் இருக்கிறது.

மூடும் விதமும் ஓரப் பிரச்சினைதான். கீழ் ஓரம் நீளாவிட்டால் லேஸ் விரியாது. 2 கண்ணி நிட் பின்னுங்கள், இரண்டையும் இடது ஊசிக்கு மாற்றி, பின்பக்கமாக ஊசி நுழைத்துச் சேர்த்துப் பின்னுங்கள். அப்புறம் 1 நிட், மறுபடி இரண்டையும் மாற்றிச் சேர்த்தல். வலது கையில் மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி பிடிப்பது நல்லது. எஸ்தோனியாவின் ஹாப்சாலு ஊர் லேஸ் சால்வைகளில் ஓர லேஸைத் தனியாகப் பின்னி, நடுப்பகுதியோடு தளர்வாகத் தைத்துச் சேர்ப்பது வழக்கம். ஓரத்துக்காக அவ்வளவு பாடுபடுகிறார்கள்.

கீழிருந்து பின்னும் முறைக்கு இப்போது மாற வேண்டாம். முதல் நாளே 300க்கு மேல் கண்ணி ஏற்றி எண்ண வேண்டும், லேஸ் முடிந்ததும் நடுவிலிருந்து பாதி வரிசைகளாகத் திரும்பித் திரும்பிப் பின்னி வளைவைக் கொண்டுவர வேண்டும். வரிசை போகப்போகச் சுருங்கும் என்ற சுகம் எல்லாம் அதில் இல்லை, பாதி வரிசைகள் நீண்டுகொண்டுதான் போகும். நூல் தீர்ந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. உங்களுடைய முறையில் அது முடியும்.

முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊற விடுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று ஈரத்தை எடுங்கள். விரிப்பில் மேல் ஓரத்தின் நடுவை முதலில் குண்டூசியால் குத்துங்கள், பிறகு இரண்டு முனைகளையும் வளைவாக இழுத்துக் குத்துங்கள், கடைசியில் கீழே லேஸின் ஒவ்வொரு கூர்முனையையும் தனித்தனியாக. மேல் ஓரத்தில் ஊசிகளை 3 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக வையுங்கள், இல்லாவிட்டால் அலை அலையாகக் காயும். நன்றாகக் காயும்வரை தொடாதீர்கள். கம்பளி என்பதால் வடிவம் நிற்கும், ஆனால் அடுத்த முறை அலசும்போது மறுபடி குத்தித்தான் காயவைக்க வேண்டும்.

பிரித்த நூல் சுருள் சுருளாக வரும். அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒரு சீராக விழாது. நாற்காலி முதுகில் லடியாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்துத் தொங்கவிட்டுக் காயவைத்துவிட்டு அந்த 3 கண்ணியை ஏற்றுங்கள்.