ஆடியவரா, லைசென்ஸ் வாங்கியவரா?

கேள்வி: எங்கள் ஊர் கிளப்பின் 13 வயதுக்குட்பட்ட கால்பந்து அணிக்குக் கோச் தேடுகிறோம். ஒருவர் மாநில அணிக்கு ஆடிய ஸ்டிரைக்கர், சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை. இன்னொருவர் கோச்சுகளுக்கான ‘சி’ லைசென்ஸ் முடித்தவர். பெரிய மேட்ச் எதுவும் ஆடியதில்லை. யாரை எடுக்கலாம்?

பதில்: ஆடுவதை நிறுத்திய நாளுக்கும் உங்களிடம் வந்த நாளுக்கும் நடுவில் அந்த ஸ்டிரைக்கர் என்ன செய்தார்? முதலில் அதைக் கேளுங்கள். பிரான்ஸின் பெரிய ஆட்டக்காரர் ஜிதான், ஸ்பெயின் கிளப் ரியல் மாட்ரிட்டின் கோச்சாக 2016 முதல் 2018 வரை தொடர்ந்து 3 முறை ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வென்றார். அதற்கு முன் அதே கிளப்பில் கோச் ஆன்செலோட்டிக்கு உதவியாளராக ஒரு சீசன், ரிசர்வ் அணிக்குக் கோச்சாக ஒன்றரை ஆண்டு என்று இருந்தவர். ஸ்பெயினுக்கு ஆடிய சாபி அலோன்சோ, அங்குள்ள ரியல் சோசியதாத் கிளப்பின் இரண்டாம் அணியை 3 ஆண்டு பார்த்துக்கொண்டார். பிறகுதான் ஜெர்மன் கிளப் லெவர்குசன், 2023-24இல் தோல்வியே இல்லாமல் ஜெர்மன் லீக்கான பன்டஸ்லிகா. இத்தாலியின் பெரிய ஆட்டக்காரர் பிர்லோவோ 2020இல் ஒரு மேட்சுக்குக்கூட கோச்சாக நிற்காமல் நேராக அந்நாட்டு கிளப் யுவென்டஸின் பொறுப்பை ஏற்றார். தொடர்ந்து 9 முறை லீக் வென்ற அணி 4ஆம் இடத்துக்கு இறங்கியது, ஒரே சீசனில் வேலை போனது. இத்தாலியக் கோப்பையை வென்றும் காப்பாற்ற முடியவில்லை.

பெரிதாக ஆடாதவர்களும் வென்றிருக்கிறார்கள். ஷூ விற்றுக்கொண்டிருந்த சாக்கி, கோச்சாகி இத்தாலியின் மிலான் கிளப்புக்கு 1989, 1990 இரண்டு ஆண்டும் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். நம் நாட்டில் 1962 ஆசிய விளையாட்டுத் கால்பந்துத் தங்கத்துக்குப் பின்னால் நின்ற கோச் ரஹீம், ஹைதராபாத் பள்ளி ஆசிரியர்.

நன்றாக ஆடியவருக்கு ஒரு சிக்கல் உண்டு. உடம்பு தானாகச் செய்ததை வாயால் சொல்ல வராது. பந்து வருமுன் சுற்றிப் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். “பார்த்து ஆடுடா!” என்று கத்துவார், எப்போது பார்ப்பது என்று பையனுக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் பிரித்துச் சொல்வார்: பாஸ் கொடுப்பவன் காலைவிட்டுப் பந்து கிளம்பியதும் ஒரு தடவை தோளுக்குப் பின்னால் பார், பக்கவாட்டில் திரும்பி நில், பந்துக்குத் தூரமாக இருக்கும் காலில் வாங்கு.

ஆகவே இருவருக்கும் தனித்தனி நாளில் 60 நிமிடம் கொடுங்கள். 16 பையன்கள், 12 பந்து, கோன், அணி பிரிக்க மாட்டும் பிப் போதும். சுற்றிப் பார்க்கும் இதே பாடத்தை இருவரும் எடுக்கட்டும். ஓரத்தில் கையில் வாட்சோடு நின்று ஒரே ஒரு பையனைக் கவனியுங்கள். எத்தனை நிமிடம் வரிசையில் சும்மா நின்றான்? மொத்தம் 15 நிமிடத்தைத் தாண்டினால் சரியில்லை. ஆடியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குவார்கள்: எல்லாரையும் கோல் முன்னால் ஒரே வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக ஷாட் அடிக்கச் சொல்வார்கள். லைசென்ஸ்காரரின் தவறு வேறு மாதிரி. கோன் அடுக்கியே பத்து நிமிடம் போகும். ஆட்டத்தை நிறுத்தி மூன்று நிமிடம் லெக்சர் நடக்கும். இந்த வயதுக்கு ஒரு தடவைக்கு 30 வினாடிப் பேச்சே அதிகம்.

நாலு பேருக்கு இரண்டு பேர் என்று பந்து பறிக்கும் ஆட்டம் வைத்தால் கட்டத்தின் அளவையும் பாருங்கள். சுமார் 10 மீட்டருக்கு 10 மீட்டரில் தொடங்கலாம். பெரிதாகப் போட்டால் நெருக்கடி இராது, யாரும் சுற்றிப் பார்க்கத் தேவையே வராது. மிகச் சின்னதாகப் போட்டால் மூன்று பாஸ் சேராது. பந்து தொடர்ந்து பறிபோகிறது என்றால் கட்டத்தை இரண்டு காலடி அகலமாக்க யாருக்குத் தோன்றுகிறது? எனக்கு லைசென்ஸைவிட இந்தக் கண்தான் முக்கியம்.

இருவரும் சமமாகத் தெரிந்தால் லைசென்ஸ்காரரைத் தலைமைக் கோச்சாக 3 மாதத்துக்கு எடுங்கள். ஸ்டிரைக்கரை வாரம் ஒரு நாள் கூப்பிட்டு, முன்வரிசைப் பையன்களுக்குக் கோல் அடிக்கும் பயிற்சியை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் காலால் செய்து காட்டட்டும், மற்றவர் பக்கத்தில் நின்று அதைச் சொல்லாக்கட்டும். ஸ்டிரைக்கருக்கு இந்த வேலை பிடித்துப்போனால் அடுத்து நடக்கும், ‘சி’க்குக் கீழ்ப்படியான ‘டி’ லைசென்ஸ் பயிற்சிக்குக் கிளப் செலவிலேயே அனுப்பலாம்.