முதல் சர்ஃப் பலகை: வாங்கும் முன்னும் ஏமாந்த பின்னும்

கேள்வி: என் எடை 82 கிலோ. "இதில்தான் சீக்கிரம் தேறுவீர்கள்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி 6 அடி 2 அங்குலக் கூர்முனைப் பலகை வாங்கினேன். மூன்று மாதமாகியும் ஒருமுறைகூட எழுந்து நிற்கவில்லை. எனக்கு இது வராதா?

பதில்: வரும். குறை உங்களிடம் இல்லை. உங்களுக்குப் பொருந்தாததை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். பலகையின் அடிப்பக்கம் பாருங்கள். நீளம், அகலம், தடிமனோடு பெரும்பாலும் கொள்ளளவும் லிட்டரில் எழுதியிருக்கும். இந்த வகைப் பலகையில் அது 30 லிட்டரை ஒட்டித்தான் வரும். நீங்கள் படுத்தால் அது பாதி அமிழும், கையால் தண்ணீரை எவ்வளவு தள்ளினாலும் வேகம் பிடிக்காது, அலை உங்களைத் தாண்டிப் போய்விடும். பழகுபவருக்கு உடல் எடை எத்தனை கிலோவோ, குறைந்தது அத்தனை லிட்டர் வேண்டும். 9 அடி நீளம், 23 அங்குலத்துக்குக் குறையாத அகலம், மேலே மெத்தென்ற நுரை: இதைத் தேடுங்கள். கையிலிருப்பதை ஏற்கெனவே நன்றாகச் சர்ஃப் செய்யத் தெரிந்தவருக்கு விற்றுவிடுங்கள்.

கேள்வி: நுரைப் பலகை சிறுவர்களுக்குத்தானே?

பதில்: இல்லை. தலையில் இடித்தால் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: பழைய பலகை ஒன்று வாங்கினேன். புதிதுபோல் பளபளத்தது. இரண்டு வாரத்தில் கனம் கூடிவிட்டது. விற்றவர் போனை எடுப்பதே இல்லை.

பதில்: உங்கள் வேதனை எனக்குத் தெரியும். நான் வாங்கிய இரண்டாவது பலகையில் முனைக்குச் சற்றுக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அலங்காரம் என்று நினைத்தேன். உரித்தபோது குறுக்கே ஒரு விரிசல். உள்ளே நுரை முழுக்க உப்புத் தண்ணீர். பழுது பார்த்த பலகையை விற்பது தவறே இல்லை. நேர்மையாகச் சொன்னால் நானே வாங்குவேன். பெயின்ட் அடித்தும் ஸ்டிக்கர் ஒட்டியும் மறைத்து விற்பதுதான் திருட்டு. நடுக்கடலில் பலகை இரண்டாக முறிந்தால் நீந்தி வரவேண்டியவர் வாங்கியவர்தானே?

ஆகவே பழைய பலகையை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே இடத்தில் குறுக்குக்கோடு ஓடினால் அது ஒருமுறை மடங்கிய பலகை, வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தும்போது பொதபொதவென்று உள்வாங்கினால் மேலுறையான கண்ணாடியிழை உள்ளே இருக்கும் நுரையை விட்டுப் பிரிந்திருக்கிறது. அடிபட்ட இடத்தைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அடியில் ஃபின் (மீன் துடுப்புபோன்ற தகடு) பொருந்தும் இடத்திலும், பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு கட்டும் குழியிலும் மயிரிழை விரிசல் தேடுங்கள். குதிகால் பட்ட சிறு பள்ளங்களுக்குப் பயப்பட வேண்டாம். ஸ்டிக்கரை உரிக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் பலகையை நிழலில் நன்றாகக் காயவைத்த பிறகே ரெசின் (காய்ந்து கெட்டியாகும் பிசின்) பூசி விரிசலை அடைக்க வேண்டும். எபாக்சி பலகைக்கு எபாக்சி ரெசின் மட்டுமே. பாலியெஸ்டர் ரெசின் பட்டால் உள்ளிருக்கும் பாலிஸ்டைரீன் நுரை கரைந்துவிடும். விளம்பரத்தையும் பேசிய செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள்.

கேள்வி: இன்னும் கடலில் இறங்கியதில்லை. நீச்சல் சுமார்தான். எந்த பிராண்ட் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, நானும் இதையேதான் எழுதுகிறேன். முதலில் நீச்சல். பிறகு பயிற்றுநரோடு, வாடகைப் பலகையில் ஐந்தாறு முறை. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் எழுதுங்கள்.

கேள்வி: 8 அடிப் பலகைக்குக் கால்கயிறு எவ்வளவு நீளம்? பலகையோடு வந்த பழையதே போதுமா?

பதில்: பலகையின் நீளம், அல்லது ஓரடி கூட. பழையது வேண்டவே வேண்டாம். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நான் பழைய கயிற்றைக் கட்டினேன். அது அறுந்து, பலகை கரையோரம் குளித்துக்கொண்டிருந்தவரின் தோளில் மோதியது. அவர் வலியில் துடித்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

கேள்வி: பூட்டிய காரில் நாள் முழுக்க வைத்திருந்தேன். பலகையில் கொப்புளம் கிளம்பிவிட்டது. கடையில் மாற்றித் தருவார்களா?

பதில்: மாட்டார்கள். கேட்கவும் நியாயமில்லை, அது வெப்பம் செய்த வேலை, தயாரிப்புக் குறை அல்ல. கொப்புளத்தை நீங்களே கீறாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.