வாடகைக்கு விட வீடு வாங்குகிறவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

சேமிப்பைப் போட்டு ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடப் போகிறேன், வருகிறவர் காலி பண்ண மறுத்தால் என்ன செய்வது, 12 வருஷம் குடியிருந்தால் வீடு அவருக்கே போய்விடுமாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 12 வருஷக் கதையை விடுங்கள். வாடகைக்கு என்று வந்தவர் வாடகைக்காரராகவே இருக்கிறவரை எத்தனை வருஷம் ஆனாலும் வீட்டுக்கு உரிமை கோர முடியாது. அதற்காக வாய்ப்பேச்சோடு சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ‘11 மாசம்தானே, பதிவு எதுக்கு?’ என்பது 1908 பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைத்தான் அது பதியச் சொல்கிறது. புதிய சட்டம் மாதக் கணக்குப் பார்ப்பதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். குரோம்பேட்டையில் எனக்கு மாடியில் இரண்டு பார்ஷன், 90-களில் கட்டியது. குடித்தனக்காரர் யாராலும் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை, வீட்டால் கெட்டது. ஒரு மழைக்காலக் காலையில் மேல் பார்ஷன் அம்மா போன் செய்தார். “சார், பாத்ரூம் பைப்பைத் தொட்டா பையனுக்கு சுர்ருங்குதாம்.”

ஓடிப்போய் மெயினை அணைத்தோம். எலக்ட்ரீஷியன் வந்து கீசர் பிளக் பாயின்ட்டைக் கழற்றிக் காட்டினார். “பிளேட்ல மூணு ஓட்டை இருக்கு சார். பின்னால ரெண்டு வயர்தான் வருது.” கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் வயரே இழுக்கவில்லை. கீசர் காயில் பழுதாகி, கசிந்த மின்சாரம் குழாய்க்கு வந்திருக்கிறது. பையன் ஈரக் காலோடு நின்றிருந்தானாம். அத்தனை வருஷமாக அந்த வீட்டுக்கு வாடகை வாங்கிக்கொண்டிருந்தவன் நான்.

மெயின் பாக்ஸில் எம்.சி.பி. (தானாக விழுந்து கரன்ட்டை நிறுத்துகிற சுவிட்ச்) இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருந்தேன். லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும். ஆள் உடம்பு வழியாகப் போகிற கொஞ்சம் மின்சாரம் அதன் கணக்கில் வராது, உயிர் போக அந்தக் கொஞ்சமே போதும். ஆர்.சி.சி.பி. என்று தனியாக ஒன்று இருக்கிறது. போன மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் ஒத்துப்போகாவிட்டால் உடனே விழுந்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கேட்டு வாங்குங்கள். இரண்டு பார்ஷனுக்கும் புதிதாக எர்த் இழுத்து அதையும் மாட்டினேன்.

அதோடு முடிந்ததா? குடியிருப்பவரின் பழைய அயர்ன்பாக்ஸுக்கு அது அடிக்கடி விழும். ‘தொல்லை சார்’ என்று அவர்களே ஆளைக் கூப்பிட்டு பைபாஸ் பண்ணிவிடுவார்கள். எனக்கே நடந்தது. இப்போது போகும்போதெல்லாம் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். மாமியார் வேலை மாதிரிதான் இருக்கிறது, இருக்கட்டும்.

கேஸ் கீசர் இருந்தால் பாத்ரூமுக்குள் வைக்க விடாதீர்கள். கதவைச் சாத்திக் குளித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது. சம்ப் மூடிக்குப் பூட்டு போடுங்கள். அப்புறம் இன்சூரன்ஸ்: 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் தீ, வெள்ளம் எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் அது வீட்டுக்கும் சாமானுக்கும்தான், குடியிருப்பவருக்கு அடிபட்டால் அதை நம்ப முடியாது.

சென்னைப் பக்கம் வாங்குவதாக இருந்தால், 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் விசாரியுங்கள். புரோக்கர் ‘இந்தத் தெருவுல வரவே இல்ல சார்’ என்பார். இஸ்திரி வண்டிக்காரர் பேசாமல் தொடை வரை கையைக் காட்டுவார். கீழ்த்தள வீடென்றால் மீட்டரும் பிளக் பாயின்ட்டும் அந்தக் கைக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.