இரவுக்கு என்ன சமைப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். ஒன்பது வயதும் ஐந்து வயதுமான பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழாகிவிடுகிறது. வாரத்தில் மூன்று நாட்களாவது இரவுச் சாப்பாடு கடையிலிருந்துதான் வருகிறது. கணவர் உதவத் தயங்குபவர் அல்லர். "என்ன செய்யணும், சொல்லு" என்று சமையலறை வாசலில் வந்து நிற்பார். அதை யோசித்துச் சொல்வதே எனக்குத் தனி வேலையாக இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று மாமியார் சொல்வதால், முன்கூட்டிச் செய்து வைக்கவும் தயக்கம். என்ன வழி?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கணவர் வாசலில் நின்று கேட்கும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வெங்காயம் நறுக்குவதையும் பாத்திரம் கழுவுவதையும் பங்கிட்டுக்கொள்ளும் பல வீடுகளில், எதைச் சமைப்பது, அதற்கு வேண்டியவை வீட்டில் இருக்கின்றனவா என்று நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் ஒருவர் தலையிலேயே இருந்துவிடுகிறது. ஆகவே வேலைகளைப் பிரிக்காமல் நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வியாழனும் அவருடையவை என்றால், என்ன செய்வது என்று முடிவெடுப்பது முதல் அடுப்பு மேடையைத் துடைப்பது வரை எல்லாம் அவரைச் சேர்ந்தவை. அன்று ரசத்தில் உப்புக் கூடியிருந்தாலும் திருத்தப் போகாதீர்கள். தயிர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிடலாம்.

இனி மாவு. ஈர மாவரைக்கும் கிரைண்டருக்கே பெயர்பெற்ற ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அரைக்கும் கிழமையை வைத்தே வாரத்தைத் திட்டமிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன். நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் என்ற கணக்கில் ஞாயிறு மாலை அரைத்து வைத்தால், திங்கள் காலையில் மாவு பொங்கியிருக்கும். உடனே அதை ஃபிரிட்ஜின் உள்தட்டில், கதவருகே அல்லாமல் பின்பக்கமாக வைத்துவிட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சிறு பாத்திரத்தில் எடுங்கள். முதல் இரண்டு நாட்கள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, புளிப்பேறிய நான்காம் நாளில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வதக்கிச் சேர்த்துக் காரப் பணியாரம். தொட்டுக்கொள்ள, நல்லெண்ணெய் பிரியும் வரை வதக்கிய தக்காளித் தொக்கு, ஈரக் கரண்டி படாமல் ஃபிரிட்ஜில் இருந்தால் ஒரு வாரம் தாங்கும். அரைக்க நேரமில்லாத வாரத்தில் கடை மாவு வாங்குவதிலும் குற்றமில்லை.

மாவு வேண்டாம் என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும் நாளுக்கு உங்கள் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதமே போதும். ஒரு டம்ளர் அரிசியையும் கால் டம்ளர் துவரம்பருப்பையும் கழுவி ஊறவைத்துவிட்டு உடை மாற்றிவாருங்கள். குக்கரிலேயே கடுகு, சீரகம், பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி ஆகியவற்றைத் தாளித்து வதக்கி, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்து, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு மூன்று விசில் வைத்தால், ஆவி அடங்குவதற்குள் மூத்த பிள்ளை தட்டுகளை எடுத்து வைத்துவிடலாம். மேலே நெய், பக்கத்தில் அப்பளம். இரவிலும் குழம்பு, பொரியல், ரசம் என்று மூன்று பாத்திரம் இருந்தால்தான் சாப்பாடு என்ற எண்ணத்தை வேலை நாட்களில் விட்டுவிடுவதே நல்லது.

உங்கள் மாமியாரின் அச்சத்தில் பாதி நியாயம் உண்டு. காலையில் வடித்த சோற்றை மேடையிலேயே விட்டுவிட்டு இரவில் சூடுபடுத்திச் சாப்பிடுவது தவறு. வேகவைத்த பின்னும் பிழைத்திருக்கும் சில நுண்ணுயிரிகள் வெளிவெப்பத்தில் பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆனால் ஆறியதும், ஓரிரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்த சோறும் பருப்பும் மறுநாளைக்குத் தாராளமாக ஆகும். எந்தப் பாத்திரம் என்றைக்கு வைத்தது என ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். எதைச் சாப்பிடலாம், எதைக் கொட்டிவிடலாம் என்று அவரே சொல்லத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: நான் வீடு திரும்ப இரவு ஒன்பது மணியாகிறது. எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகளைக் காக்கவைக்கலாமா?
– வாசகர் ஒருவர், சென்னை

பதில்: வேண்டாம். பள்ளி செல்லும் பிள்ளைக்கு ஏழரை மணிக்கே பசி வந்துவிடும். காக்கவைத்தால் முறுக்கிலும் பிஸ்கட்டிலும் வயிறு நிறைந்து, நீங்கள் வரும்போது தூக்கத்தில் தட்டைத் தள்ளிவிடும். அவர்கள் நேரத்துக்குச் சாப்பிடட்டும். சேர்ந்து உட்கார வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் முன்னதாக எழுந்து, தோசைக்கல்லின் முன் நீங்களே நின்று, ஆளுக்கு இரண்டு வார்த்துக் கொடுத்துவிட்டு அவர்களோடு உட்காருங்கள்.